ஒரே குரூப்தான், ஏன் சேரவில்லை? – நீலகிரி வாசகர் கேள்வி பதில்

அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களைப் பற்றி நீலகிரி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: குரூப் ஒன்றாக இருந்தும் ரத்தம் 'சேரவில்லை' என்கிறார்கள், அது என்ன? அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

என் மகளுக்கு 9 வயது. தலசீமியா மேஜர் (உடம்பு போதிய ஹீமோகுளோபின் செய்யாத பிறவி நோய்), பி பாசிடிவ். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். போன முறை நான்கு பேக் எடுத்துப் பார்த்தும் சேரவில்லை, "ஆன்டிபாடி வந்திருக்கு, பெரிய இ" என்றார்கள். இத்தனை வருஷம் சேர்ந்த ரத்தம் இப்போது ஏன் சேரவில்லை? கெட்ட ரத்தம் ஏற்றிவிட்டார்களா? – ஒரு தாய், பந்தலூர்

ரத்தம் கெட்டது இல்லை, உங்கள் மீதும் தப்பு இல்லை. நாம் குரூப் என்று சொல்வது ஏ, பி, டி என்ற மூன்று அடையாளங்கள் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான். சிவப்பணுவின் மேல்தோலில் இவற்றைத் தவிர 300க்கு மேற்பட்ட அடையாளங்கள் உண்டு. அவற்றை ஆன்டிஜென் என்கிறோம். பெரிய இ (ஆங்கில E) அவற்றில் ஒன்று. தன்னிடம் இல்லாத ஆன்டிஜென் உள்ளே வந்தால் சிலருடைய உடம்பு அதை அந்நியன் என்று கண்டுகொண்டு எதிர்ப்பொருள் செய்துவைக்கும். அதுதான் ஆன்டிபாடி. பேக்கின் செல்லை நோயாளியின் பிளாஸ்மாவோடு கலந்து பார்க்கும்போது அது செல்களைத் திரளவைத்தால் 'சேரவில்லை' என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு பேக் என்றால் வருஷத்துக்கு 17 பேக். ஒரு வயதில் ஆரம்பித்திருந்தால் இதுவரை 130 பேருக்கு மேல் உங்கள் மகளுக்கு ரத்தம் கொடுத்திருப்பார்கள். அத்தனை பேரும் பி பாசிடிவாக இருந்திருக்கலாம். பெரிய இ உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று ஒவ்வொரு பேக்கிலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காதது சட்டமீறல் இல்லை, பல ரத்த வங்கிகளில் அது வழக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இனிமேல் என்ன செய்வது என்பதுதான் முக்கியம். உங்கள் மகளுக்கு வாழ்நாள் முழுக்க பெரிய இ இல்லாத ரத்தம்தான் ஏற்ற வேண்டும். பயப்பட வேண்டாம், நம் நாட்டில் பத்து கொடையாளர்களில் சுமார் எட்டுப் பேருக்குப் பெரிய இ கிடையாது. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பெரிய இ பெரும்பாலும் சின்ன சி (c) என்ற இன்னொரு ஆன்டிஜெனோடு ஜோடியாகவே வரும். எனவே பெரிய இ-க்கு ஆன்டிபாடி செய்தவர்கள், தங்களுக்குச் சின்ன சி இல்லையென்றால், அடுத்ததாக அதற்கும் செய்ய வாய்ப்பு அதிகம். மகளின் ரத்தத்தில் சின்ன சி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சின்ன சி, பெரிய இ இரண்டும் இல்லாத பேக்கையே கொடுக்கச் சொல்லுங்கள். இந்தியர்களில் சுமார் பத்தில் நான்கு பேர் அப்படிப்பட்டவர்கள். ஆகவே பத்து பி பாசிடிவ் பேக்கைச் சோதித்தால் மூன்று நான்காவது தேறும். கூடவே 'கெல்' ஆன்டிஜென் இல்லாததாகவும் இருக்கட்டும். அது நம்மில் மிகச் சிலரிடம்தான் இருக்கிறது, அதனால் கிடைப்பது கஷ்டமில்லை. பெண் குழந்தை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்: பிற்காலத்தில் அவள் கர்ப்பமாகும்போது கெல் ஆன்டிபாடியும் சின்ன சி ஆன்டிபாடியும் வயிற்றுக் குழந்தையின் ரத்தத்தை அழிக்கக்கூடியவை.

மாட்டிக்கொள்வது சின்ன இ (e) என்ற ஆன்டிஜெனுக்கு ஆன்டிபாடி வந்தவர்கள்தான். சின்ன இ இல்லாதவர்கள் நூற்றில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். அவர்களுக்கு ஒரு வாரம் முன்பே வங்கியிடம் சொல்லிவைக்காமல் வேலை நடக்காது.

வீட்டில் நீங்கள் கவனிக்க ஒன்று உண்டு. ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் 9.5க்குக் கீழே போகாமல் மூன்று வாரம் தாங்கியது, இப்போது இரண்டு வாரத்திலேயே 8க்கு இறங்குகிறது என்றால், "வளர்கிறாள், அதனால்தான்" என்று விட்டுவிடாதீர்கள். ஒரு வருஷத்தில் கிலோவுக்கு 200 மில்லிக்கு மேல் தேவைப்பட்டால் மண்ணீரல் பெருத்திருக்கிறதா, புது ஆன்டிபாடி வந்திருக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். மகள் 20 கிலோ என்றால் அந்த எல்லை 4 லிட்டர். ஒவ்வொரு பேக்கிலும் எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதிவந்தால் வருஷக் கடைசியில் கூட்டிப் பார்க்கலாம்.

எனக்கு 24 வயது, சிக்கிள் செல் நோய் (சிவப்பணு அரிவாள் போல வளையும் பிறவி நோய்) உண்டு. நெஞ்சுச் சளியும் மூச்சுத்திணறலும் வந்து கோவையில் இரண்டு யூனிட் ஏற்றினார்கள். நன்றாக ஊருக்கு வந்தேன். எட்டாம் நாள் காய்ச்சல், முதுகு வலி, கண் மஞ்சள், சிறுநீர் கட்டன் சாயா நிறம். சிக்கிள் செல் வலி வந்துவிட்டது என்று சொல்லி மறுபடி ரத்தம் ஏற்றப் பார்த்தார்கள். அண்ணன் தடுத்துவிட்டார். செய்தது சரியா? – கூடலூர் வாசகர்

அண்ணன் எதனால் தடுத்தாரோ தெரியாது, ஆனால் தடுத்தது நல்லதாகப் போயிற்று. நீங்கள் சொல்வதெல்லாம் தாமதமாக வரும் ரத்த ஒவ்வாமையின் அடையாளங்கள். ஏற்றிய 3ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் பெரும்பாலும் வரும், சில நேரம் நாலு வாரம் வரைகூடப் போகும். சிக்கிள் செல் வலியைப் போலவே இருப்பதால் டாக்டர்களே ஏமாறும் இடம் இது.

நடப்பது இதுதான். ஆன்டிபாடி ஒருமுறை உண்டானால் எப்போதும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. சில மாதங்களில், சில வருஷங்களில், அளவு குறைந்துகொண்டே போய்ச் சோதனைக்கு எட்டாத மட்டத்துக்கு இறங்கிவிடும். 'கிட்' என்ற ஆன்டிஜென்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இந்த ஒளிந்து விளையாட்டில் பேர் போனவை. ஆனால் அதைச் செய்யக் கற்ற செல்கள் உடம்பில் அப்படியே இருக்கும். அதே ஆன்டிஜென் உள்ள ரத்தம் மறுபடி வந்ததும் சில நாட்களில் முன்னைவிட வேகமாக, முன்னைவிட அதிகமாகச் சுரந்து, ஏற்றிய அணுக்களை உடைத்துத் தள்ளும். கோவையில் கிராஸ்மேட்ச் (பேக் சேருமா என்று பார்க்கும் சோதனை) செய்தவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு உண்மையிலேயே சேர்ந்திருக்கும்.

நான்கைந்து வருஷம் முன்பு கூடலூரிலோ கேரளத்துப் பத்தேரியிலோ கோழிக்கோட்டிலோ ஏற்றியபோது ஆன்டிபாடி இருப்பது தெரிந்திருக்கலாம். அந்தப் பதிவு அந்த வங்கியின் ரிஜிஸ்டரிலேயே கிடக்கும். ஒரு வங்கியில் இருப்பது இன்னொரு வங்கிக்குத் தானாகத் தெரியும்படி நம் பக்கம் இன்னும் ஏற்பாடு இல்லை. ஆகவே சோதனையில் காணாமல் போன ஆன்டிபாடியைச் சொல்லக்கூடியவர் நோயாளி ஒருவர்தான், அதுவும் கையில் கார்டு இருந்தால்.

எப்படி உறுதி செய்வது? ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு), அணுக்கள் உடைந்தால் கூடும் பிலிருபின், எல்டிஎச் பார்க்க வேண்டும். சிவப்பணுவின் மேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று காட்டும் டைரக்ட் கூம்ஸ் செய்ய வேண்டும். புது சாம்பிளில் ஆன்டிபாடி ஸ்கிரீனிங்கை மறுபடி செய்ய வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு, அதை நிறையப் பேர் நினைப்பதில்லை. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி எடுத்துப் பாருங்கள். ஏற்றிய மறுநாள் எச்பி-ஏ (கொடையாளரின் சாதாரண ஹீமோகுளோபின்) நூற்றுக்கு 40 இருந்தது, பத்தாம் நாள் 10 என்றால் கொடையாளரின் அணுக்கள் உடைந்திருக்கின்றன. மறுநாள் எடுக்காமல் விட்டிருந்தால் ஒப்பிட ஒன்றுமிருக்காது, ஆகவே ஏற்றி முடித்ததும் ஒரு எச்பிஎல்சி எடுத்து வைக்கச் சொல்லலாம்.

மறுபடி ஏற்றுவது ஏன் ஆபத்து என்றால், சிலருக்கு ஏற்றிய அணுக்கள் மட்டுமல்ல, சொந்த அணுக்களும் கூடச் சேர்ந்து உடையும். அப்போது ஹீமோகுளோபின் ஏற்றுவதற்கு முன்பிருந்ததைவிடக் கீழே போய்விடும். 6இல் இருந்தவருக்கு இரண்டு யூனிட் ஏற்றியபின் பத்தாம் நாள் 4.5 என்று வந்தால் கை பரபரக்கும், இன்னும் ஒன்று போடலாம் என்று தோன்றும். போட்டால் நெருப்பில் எண்ணெய். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் போன்றவற்றைக் கொடுத்து, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே ஏற்றுவார்கள். இதை ரத்தநோய் நிபுணர் கூட இருந்து தீர்மானிக்க வேண்டும்.

ஒரு சின்னச் செய்தி. நீலகிரி மலைவாழ் மக்களிடம் சிக்கிள் செல் இருப்பதை லேமன், மேரி கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1952இல் எழுதினார்கள், இந்தியாவில் அது வெளியே தெரிந்தது அப்போதுதான். அதே மேரி கட்புஷ் 1950இல் வேறு இருவருடன் சேர்ந்து 'டஃபி' ரத்த வகையைக் கண்டறிந்தவர். பலமுறை ரத்தம் ஏற்றிய ஒரு ஹீமோஃபிலியா நோயாளியின் உடம்பில் வந்த எதிர்பாராத ஆன்டிபாடியிலிருந்துதான் அது தெரிந்தது. அந்த வகைக்கு நோயாளியின் குடும்பப்பெயரையே வைத்தார்கள்.

நான் லேப் டெக்னீஷியன். டிசம்பர், ஜனவரி காலைகளில் வருகிற சாம்பிள்களில் பாதி திரள்கிறது, சேரவில்லை என்று எழுத வேண்டியிருக்கிறது. மதியம் செய்தால் சரியாக வருகிறது. ஆன்டிபாடியா, என் கையா? – ஊட்டி

உங்கள் கை இல்லை, உங்கள் அறை. பாடப்புத்தகத்தில் 'அறை வெப்பநிலை' என்றால் 20 முதல் 24 டிகிரி. ஜனவரியில் ஊட்டியில் விடியும்போது ஹீட்டர் இல்லாத லேப் அதற்குப் பக்கத்தில்கூட இராது. நம் எல்லோருடைய பிளாஸ்மாவிலும் குளிரில் மட்டும் வேலை செய்யும் ஆன்டிபாடிகள் கொஞ்சம் உண்டு, 'ஐ' ஆன்டிபாடிதான் அதிகம். சமவெளி லேப்பில் அவை தூங்கும். உங்கள் லேப்பில் அவை காலையில் விழித்துக்கொள்கின்றன. உடம்புக்குள் 37 டிகிரியில் அவற்றால் கெடுதி இல்லை.

முதலில் அறையைச் சரிசெய்யுங்கள். வேலை மேஜை மேல் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள், 20க்குக் கீழே இருந்தால் டெஸ்ட்டைத் தொடாதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஸ்கிரீனிங் செல்களையும் ஜெல் கார்டையும் அரை மணி நேரம் வெளியே வைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். குளிர்ந்த கார்டில் குளிர்ந்த செல் விட்டால் எதுவும் திரளும். சலைன் பாட்டிலை வாட்டர்பாத்தில் வையுங்கள், ஜன்னல் ஓரத்தில் வேண்டாம். வாட்டர்பாத்தின் டயல் 37 காட்டினால் போதாது, உள்ளே தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் மட்டம் டியூபின் உள்ளே இருக்கும் திரவத்துக்கு மேலே இருக்க வேண்டும். மூடி போடாத பாத் நம் ஊர்க் குளிரில் மேலே 34, அடியில் 37 என்று நிற்கும்.

டியூபில் செய்கிறீர்கள் என்றால்: பிளாஸ்மா 2 சொட்டு, 3 சதவீத செல் 1 சொட்டு, லிஸ் (உப்புச்செறிவு குறைந்த கரைசல்) விட்டால் 37 டிகிரியில் 15 நிமிஷம், வெறும் சலைனில் என்றால் 45 நிமிஷத்துக்குக் குறையாமல். பிறகு மூன்று நான்கு முறை கழுவி, ஏஎச்ஜி (கூம்ஸ் சீரம்) 2 சொட்டு, சுற்றிப் பாருங்கள். கழுவுவதில் சோம்பல்பட்டால் மிச்சமிருக்கும் பிளாஸ்மா ஏஎச்ஜியைத் தின்றுவிடும். அப்போது நெகடிவ் என்று காட்டும், உண்மையில் பாசிடிவாக இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு நெகடிவ் டியூபிலும் செக் செல் (முன்பே ஆன்டிபாடி பூசிய செல்) விட வேண்டும். அது திரளவில்லை என்றால் டெஸ்ட் செல்லாது, முதலிலிருந்து செய்ய வேண்டும். ஜெல் கார்டில் 0.8 சதவீத செல் 50 மைக்ரோலிட்டர், பிளாஸ்மா 25 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் 15 நிமிஷம், பிறகு 10 நிமிஷம் சுற்று.

பாசிடிவ் வந்தால் ஆட்டோ கன்ட்ரோல் பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள். நோயாளியின் பிளாஸ்மாவை அவருடைய செல்லோடே போட்டுப் பாருங்கள். சமீபத்தில் ரத்தம் ஏற்றாதவருக்கு அதுவும் திரண்டால் பெரும்பாலும் குளிர் ஆன்டிபாடி அல்லது தன்னெதிர்ப்பு ஆன்டிபாடி. அது சுத்தமாக இருந்து ஸ்கிரீனிங் செல் மட்டும் திரண்டால் வெளி ரத்தத்துக்கு எதிரான ஆன்டிபாடியாக இருக்கும். எந்த ஆன்டிபாடி என்று கண்டுபிடிக்கும் 11 செல் பேனலுக்கு அனுப்புங்கள். ஒரு ஆன்டிபாடியின் பெயரை எழுத, அந்த ஆன்டிஜென் உள்ள மூன்று செல்லாவது திரண்டிருக்க வேண்டும், இல்லாத மூன்று செல்லாவது திரளாமல் இருக்க வேண்டும். 'கிட்' சந்தேகம் என்றால் இரட்டை டோஸ் உள்ள (அப்பா, அம்மா இருவர் வழியும் அதே ஆன்டிஜென் வந்த) செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை டோஸ் செல்லோடு அது சில நேரம் கண்ணில் படாது.

எல்லா டியூபையும் முன்கூட்டியே சூடாக்கிச் செய்யும் முறை ஒன்று இருக்கிறது. குளிர் ஆன்டிபாடி என்று உறுதியான பிறகு மட்டும் செய்யுங்கள். அதைக் காலைப் பழக்கமாக்கினால், பலவீனமான நிஜ ஆன்டிபாடியும் நழுவிப்போகும். நோயாளிக்குப் பொருந்தாத ரத்தம் போவதைவிட, காலையில் ஒரு மணி நேரம் தாமதம் ஆவது மேல்.

இன்னொன்று. மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியவர் அல்லது கர்ப்பமாக இருந்தவர் என்றால் சாம்பிள் மூன்று நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. போன வாரம் எடுத்த ஈடிடிஏ டியூபை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கிராஸ்மேட்ச் போடும் வழக்கம் எங்காவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அந்த நாட்களில்தான் புது ஆன்டிபாடி எழும்பும்.

தம்பிக்குத் தலசீமியா. எனக்கும் அவனுக்கும் ஒரே குரூப். நானே மாதாமாதம் கொடுத்தால் ஒரே ஆள் ரத்தம், ஆன்டிபாடியே வராது அல்லவா? – கோத்தகிரி

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செய்ய முடியாது. ஆண் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம், பெண் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. அதைவிடப் பெரிய தடை, தம்பிக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யும் வாய்ப்பு வந்தால் பொருந்தக்கூடியவர் நீங்களாகத்தான் இருக்கலாம். முன்பே உங்கள் ரத்தம் ஏறியிருந்தால் அவன் உடம்பு உங்கள் திசுக்களை எதிர்க்கப் பழகியிருக்கும். மூன்றாவதாக, நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணுக்கள் அபூர்வமாக ஏற்றிக்கொண்டவரையே தாக்கும், அதில் பிழைப்பது கஷ்டம். கதிரியக்கம் பாய்ச்சாமல் சொந்தக்காரர் ரத்தத்தை ஏற்றக் கூடாது. உங்கள் ரத்தத்தை வங்கிக்குக் கொடுங்கள், வேறு யாருக்காவது போகட்டும். கணவர் ரத்தத்தை மனைவிக்கு ஏற்றக் கூடாது என்பதும் இதே வரிசைதான், பிறக்கப்போகும் குழந்தைக்கு ஆபத்தான ஆன்டிபாடி அதனால் வரும்.

அப்பாவுக்கு மயலோமா (எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்). டாராட்டுமுமாப் ஊசி ஆரம்பித்த பிறகு எந்த ரத்தமும் சேரவில்லை என்கிறார்கள். எல்லாமே சேரவில்லை என்றால் எப்படி ஏற்றுவது? – குன்னூர்

அப்பாவின் உடம்பில் புதிதாக எதுவும் வரவில்லை. அந்த மருந்தே ஓர் ஆன்டிபாடிதான். மயலோமா செல்லின் மேலிருக்கும் சிடி38 என்ற புரதத்தைப் பிடிக்கத்தான் அது செய்யப்பட்டது. சிவப்பணுவின் மேலும் அது கொஞ்சம் இருக்கிறது, ஆகவே கூம்ஸ் கட்டத்தில் எல்லா செல்லும் மெல்லிசாகத் திரளும். ஏ, பி, ஓ குரூப் பார்ப்பதற்கு இடைஞ்சல் இல்லை. கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு மாதம் வரை இப்படியே காட்டலாம்.

வங்கிக்கு மருந்தின் பெயரைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. டெஸ்ட் செல்களை டிடிடி என்ற வேதிப்பொருளில் 37 டிகிரியில் 30 நிமிஷம் ஊறவைத்தால் சிடி38 அழிந்துவிடும், பிறகு நிஜ ஆன்டிபாடி இருந்தால் தெரியும். அதில் கெல் ஆன்டிஜெனும் அழிந்துவிடுவதால் கெல் இல்லாத பேக்காகக் கொடுப்பார்கள். இந்த ஊசி ஆரம்பிக்காதவர்களின் வீட்டாருக்கு: முதல் ஊசிக்கு முன்பே குரூப், ஆன்டிபாடி ஸ்கிரீனிங், முழு ஆன்டிஜென் வரிசை (எந்தெந்த ஆன்டிஜென் உண்டு, எது இல்லை என்ற பட்டியல்) மூன்றையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

கிராமங்களுக்குப் போய்வரும் சுகாதாரச் செவிலியர் நான். எங்கள் பகுதி சிக்கிள் செல் நோயாளிகள் பலருக்கு ஏற்கெனவே ரத்தம் ஏற்றியாகிவிட்டது. இப்போது ஆன்டிஜென் வரிசை பார்த்துப் பிரயோஜனம் உண்டா? கார்டில் என்ன எழுதச் சொல்ல வேண்டும்? – தேவர்சோலைப் பக்கம்

முதல் பேக் ஏறும் முன் பார்ப்பதுதான் உத்தமம். ஏற்றி மூன்று மாதத்துக்குள் பார்த்தால் கொடையாளரின் செல்லும் கலந்து குழப்பும். மூன்று மாதம் பொறுக்க முடியாதவர்களுக்கு, சிக்கிள் செல் நோயில் மட்டும், ஒரு வழி இருக்கிறது. அவர்களுடைய செல் நீர்த்த உப்புக் கரைசலில் உடையாது, கொடையாளரின் சாதாரண செல் உடைந்துவிடும். 0.9 சதவீத சலைன் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த நீர் இரண்டு பங்கு கலந்தால் 0.3 சதவீதம். அதில் செல்லைத் திரும்பத் திரும்பக் கழுவி, மேலே நிற்கும் நீர் சிவப்பாக இல்லாமல் தெளிந்ததும் சாதாரண சலைனில் ஒருமுறை கழுவினால் மிச்சம் நிற்பது நோயாளியின் சொந்த செல். அதில் வரிசை பார்க்கலாம். தலசீமியாவுக்கு இது உதவாது. மரபணுச் சோதனை கிடைக்கும் ஊரில் எந்த நேரத்திலும் பார்க்கலாம்.

கார்டில் பெயர், பிறந்த தேதி, குரூப், நோய், பெரிய சி, சின்ன சி, பெரிய இ, சின்ன இ, கெல் ஐந்தும் உண்டா இல்லையா, இதுவரை வந்த ஆன்டிபாடி ஒவ்வொன்றின் பெயர், முதலில் கண்ட தேதி, கண்ட வங்கி. டஃபி, கிட், எஸ் வரிசையும் பார்த்திருந்தால் அதுவும். "இப்போது ஸ்கிரீனிங் நெகடிவ்" என்று வந்தாலும் பழைய ஆன்டிபாடியை அடிக்கக் கூடாது என்று சிவப்பு மையில் ஒரு வரி. ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள், உங்கள் ஆட்கள் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும் மைசூருக்கும் போகிறவர்கள். போனில் ஒரு படம் இருக்கட்டும், போன் தொலைகிற ஆட்களுக்கு வீட்டு ஆதார் அட்டையோடு ஒரு நகல். கார்டை லேமினேட் செய்ய விடாதீர்கள், அடுத்த ஆன்டிபாடி வந்தால் எழுத இடம் வேண்டும். ரேஷன் கார்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறை போதும்.